பாட்டு அவனுடையது, கணக்கு என் பெயரில்

கார்கிவுக்கு மருத்துவம் படிக்கப் போன நான், படிப்போடு சேர்த்து ஒரு பாடகனுக்குக் குமாஸ்தா வேலையும் பார்த்தேன். சம்பளம் கிடையாது. அவன் பாடுவான், நான் படிவம் நிரப்புவேன். போன மாதம் சித்தி மகன் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணா, வீட்டிலேயே பதிவு செய்த பாட்டை வெளியிடப் போகிறேன். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. கணக்கை உங்கள் பெயரில் தொடங்கிக்கொள்ளட்டுமா?" எனக்கு அடிவயிறு கலங்கியது. வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். பையனுக்குக் கோபம். ஏன் வேண்டாம் என்று அவனுக்கு விளக்க உட்கார்ந்தேன், அது இவ்வளவு நீண்டுவிட்டது. கார்கிவ் நண்பனிடம் அனுமதி கேட்டேன். தன் பெயர் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதிக்கொள் என்றான்.

2017 மார்ச். நான் முதலாம் ஆண்டு. பரபாஷோவா சந்தை என்று கார்கிவில் ஒரு பெரிய சந்தை உண்டு. செருப்பு, சட்டை, சார்ஜர் எல்லாம் கிடைக்கும், வரிசை வரிசையாக இரும்புக் கொட்டகைகள். அந்தப் பாடகன் அங்கே அம்மாவுடன் சேர்ந்து கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தான், பதினேழு வயது. நான் சார்ஜர் வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் "ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்டுக் கைபேசியை நீட்டினான். அவன் பாடுவதற்காக வாங்க நினைத்த ஒரு பீட்டின் உரிம ஒப்பந்தம் அது. இணையத்தில் யாரோ உருவாக்கி 30 டாலருக்கு விற்ற தாளமும் பின்னணி இசையும். நான் உடற்கூறியல் புத்தகத்தைப் புரட்டும் வேகத்தில் அதைப் புரட்டிவிட்டு, "பணம் கட்டினால் இசை உன்னுடையது" என்றேன். அப்படி அதில் எழுதியிருக்கவில்லை. பிறகு வந்த தொல்லைகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் தொடங்கியது.

அவன் எங்கும் இசை படித்ததில்லை. தாத்தா விட்டுப்போன பழைய கிட்டார் ஒன்று இருந்தது. அது ஏழு தந்திக் கிட்டார், அந்தப் பக்கத்தின் பழைய வழக்கம். யூடியூபில் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாரும் ஆறு தந்தி வைத்திருந்தார்கள். அதனால் ஒரு தந்தியைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதியைத் திருகி ஆறுக்கு ஏற்றபடி சுருதி சேர்த்துக்கொண்டான். தந்தி போன இடத்தில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டி மீட்டிப் பழகியதால் அவனுடைய மீட்டலில் ஒரு சின்னத் தயக்கம் உண்டு. பிற்காலத்தில் நல்ல கிட்டார் வாங்கிய பிறகும் அந்தத் தயக்கம் போகவில்லை. அவனைப் பின்பற்றி வாசிக்கும் பையன்கள் இப்போது அதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பான்.

வீடு சால்திவ்காவில். கார்கிவின் வடகிழக்கில் சோவியத் காலத்தில் கட்டிய அடுக்குமாடிப் பகுதி அது, ஒன்பது மாடியும் பதினாறு மாடியுமாகக் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை ஒரே அச்சு. பதிவுக்கூடம் எது என்றால், துணி அலமாரி. அம்மாவின் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடுவான். தடித்த கம்பளிக் கோட்டு எதிரொலியை விழுங்கிவிடும், காசு கொடுத்து வாங்கும் பஞ்சுப் பலகை எதுவும் தேவைப்படவில்லை. சிக்கல் லிஃப்ட்தான். இரவு பதினொன்றுக்கு மேல்தான் அது ஓயும். அதனால் பதிவு எப்போதும் நள்ளிரவில். அக்டோபர் நடுவில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களைத் திறந்துவிட்டால் ஏப்ரல் வரை குழாய் டக் டக் என்று அடிக்கும். முதல் பாட்டுகளைக் கூர்ந்து கேட்டால் அந்தச் சத்தம் இன்றும் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: கருவிக்குச் செலவழிக்கும் முன் உங்கள் வீடு எந்த நேரத்தில் வாயை மூடுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

அப்போது அங்கே இளைஞர்கள் பாட்டுக் கேட்டது பெரும்பாலும் விகே என்ற ரஷ்யச் சமூக வலைத்தளத்தில். அவனுடைய பக்கத்தை நாலாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். 2017 மே மாதம் அரசாணை வந்தது: விகே, யாண்டெக்ஸ் உள்ளிட்ட ரஷ்யத் தளங்களுக்கு உக்ரைனில் தடை. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரு வாரத்தில் பார்வையிலிருந்து மறைந்தது. அரசியல் காரணம் அவனுக்குப் புரிந்தது, அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த நாலாயிரம் பேரில் ஒருவருடைய மின்னஞ்சல் முகவரிகூட அவனிடம் இல்லை. அன்றிலிருந்து தெருவில் பாடும்போதுகூடக் கிட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைப்பான். விருப்பமிருந்தால் முகவரி எழுதலாம். சும்ஸ்கா தெருவிலும் ஷெவ்சென்கோ பூங்காவிலும் அப்படிச் சேர்ந்த முகவரிகள்தான் பின்னால் முதல் கச்சேரியின் டிக்கெட்டுகளை விற்றுக்கொடுத்தன. தளங்கள் வாடகை வீடு மாதிரி. அந்தப் பழைய நோட்டு இன்னும் அவனிடம் இருக்கிறது, காபிக் கறையோடு.

அந்தக் கோடையில்தான் கணக்குத் தொடங்கினோம். ஒரு விநியோக நிறுவனத்தில் பதிவு செய்தால் அது பாட்டை ஆப்பிள் மியூசிக் போன்ற எல்லாக் கடைகளுக்கும் அனுப்பும், வரும் காசைச் சேர்த்து நமக்குத் தரும். அவனுக்கு வயது பதினெட்டு ஆகவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று பேபால், இணையத்தில் பணம் அனுப்பிப் பெறும் சேவை. உக்ரைனில் இருப்பவர்கள் அப்போது பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது. போர் தொடங்கி 2022 மார்ச்சில்தான் அந்த வழி திறந்தது. பாடகர்கள் நேராகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒருவர் பாட்டு வாங்கினாலும் பணம் பேபால் வழியாகவே வரும். எனக்கோ இந்தியக் கணக்கு இருந்தது. "டாக்டர், உன் பெயரில் போட்டுவிடேன்" என்றான். முதலாம் ஆண்டு மாணவனை டாக்டர் என்று அழைத்தது அவன் ஒருவன்தான், அந்த மயக்கமும் சேர்ந்திருக்கலாம். போட்டுவிட்டேன். அவனுடைய அம்மாவை நான் தியோத்யா என்று அழைப்பேன், அத்தை மாதிரி ஒரு சொல். அவர் அன்று பாலாடைக்கட்டி வைத்த வரெனிகி, நம் கொழுக்கட்டை மாதிரி, செய்து போட்டார். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பணம் சுற்றிய விதத்தைக் கேட்டால் நம் ஊர் ஆட்கள் சிரிப்பார்கள். இந்திய பேபாலில் வெளிநாட்டுப் பணம் தங்காது, தானாக வங்கிக்குப் போய்விடும். தஞ்சாவூரில் அப்பாவோடு கூட்டாக இருந்த சேமிப்புக் கணக்கில் டாலர் ரூபாயாகி விழும். அப்பா எனக்கு மாதாமாதம் சாப்பாட்டுச் செலவுக்கு அனுப்பும் தொகையிலிருந்து நான் அவனுக்கு உக்ரைன் நாணயமான ஹ்ரிவ்னியாவாகக் கொடுத்துவிடுவேன். மளிகைக்கடைக் கைமாற்று மாதிரி. சின்னத் தொகைகள்தான், மாதம் 10 டாலர், 25 டாலர். எல்லாம் ஒழுங்காக நடந்தது, அதனால் எதையும் குறித்து வைக்கவில்லை. அப்பாவின் ஆடிட்டர் மட்டும் ஒருமுறை, "இது யாருடைய வருமானம் தம்பி? உங்களுடையது இல்லையென்றால் அதற்கு ஒரு தாள் காட்டுங்கள்" என்றார். தாள் இல்லை. முகத்தைச் சுளித்துவிட்டு என் வருமானமாகவே எழுதிக்கொண்டார்.

2019இல் ஒரு பாட்டு ஓடத் தொடங்கியது. நான் 30 டாலர் ஒப்பந்தத்தைப் 'படித்துக்' கொடுத்த அதே பீட். யூடியூபில் ஒன்பது லட்சம் பார்வை. தெருவில் பிள்ளைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள், சந்தையில் உறை வாங்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. நாலு மாதம் கழித்து விளம்பரக் காசு ஏன் வரவில்லை என்று பார்க்கிறேன், வேறு நாட்டுப் பாடகர் ஒருவர் பெயரில் உரிமை கோரல் விழுந்திருக்கிறது. அந்த பீட்டை விற்றவர் எங்களைப் போலப் பலருக்கும் அதே 30 டாலருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். உரிமத்தின் பெயர் 'தனியுரிமையற்றது'. அப்படி வாடகைக்கு வாங்கிய ஒருவர் தன் பாட்டை, யூடியூபில் ஒலியைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் கண்டென்ட் ஐடி அமைப்பில் பதிவு செய்துவிட்டார். அப்படிச் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. இயந்திரத்துக்கு அது தெரியாது. பின்னணி ஒன்றாக இருந்ததால் எங்கள் பாட்டு அவருடையது என்று முடிவு செய்தது.

இதில் ஒரு நுணுக்கத்தைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். உரிமை கோரல் வந்த ஐந்து நாளுக்குள் நீங்கள் மறுப்புத் தெரிவித்தால், கோரல் விழுந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும், தீர்ப்பு வந்ததும் உரியவருக்குப் போகும். ஐந்து நாள் தாண்டினால், நீங்கள் மறுத்த நாளிலிருந்துதான் நிறுத்தி வைப்பார்கள். முன்னால் போனது போனதுதான். எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல முப்பது நாள் அவகாசம். நாங்கள் பார்த்தது நாலாவது மாதம். அறிவிப்பு மின்னஞ்சல் என் முகவரிக்குத்தான் வந்திருந்தது. நான் அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், பாட்டுச் சம்பந்தமான மின்னஞ்சல்களைத் திறக்கவில்லை. போன தொகை சுமார் 400 டாலர், அன்றைய கணக்கில் பத்தாயிரம் ஹ்ரிவ்னியா. அவனுக்கும் அம்மாவுக்கும் அது சந்தையில் ஒரு மாதத்துக்கு மேலான உழைப்பு. நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீ படித்தது சரிதான் டாக்டர், இசை என்னுடையதுதான். காசுதான் என்னுடையது இல்லை" என்றான். அந்த வேடிக்கை எனக்கு அன்று உறைக்கத்தான் செய்தது. அதற்குப் பிறகு அவன் வாடகை பீட்டைத் தொட்டதே இல்லை. தாளத்தையும் தானே செய்யக் கற்றுக்கொண்டான், மறுபடியும் யூடியூபைப் பார்த்துத்தான். முதல் ஆறு மாதம் கேட்கச் சகிக்காது.

அவனுடைய உண்மையான ஏற்றம் மொழியை மாற்றியபோது வந்தது. சால்திவ்காவில் எல்லாரும் ரஷ்ய மொழி பேசுவார்கள், அவனும் அதில்தான் எழுதினான். 2016 நவம்பரில் வந்த சட்டப்படி வானொலிகள் உக்ரேனிய மொழிப் பாட்டுகளைக் குறிப்பிட்ட விழுக்காடு ஒலிபரப்ப வேண்டும். 25இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் 35 சதவீதமாக உயர்ந்தது. பெரிய நிறுவனங்களின் பிடியில் இல்லாத பையன்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது. அவனுக்கும் யோசனை சொன்னார்கள். புத்தக உக்ரேனியத்தில் எழுதிப் பார்த்தான், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி விறைப்பாக வந்தது. 2020இல் ஊரடங்கின்போது பொல்தாவா பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீட்டில் இரண்டு மாதம் இருந்தான். பாட்டி பேசுவது சுர்ஜிக், உக்ரேனியமும் ரஷ்யமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த பேச்சு. படித்தவர்கள் முகம் சுளிக்கும் மொழி. அதில் ஒரு பாட்டு எழுதினான், பாட்டியின் கோழிகளைப் பற்றி. திருத்தச் சொன்னவர்களிடம், "பாட்டியைத் திருத்திவிட்டு வாருங்கள், பிறகு பாட்டைத் திருத்துகிறேன்" என்றான். அந்த ஆண்டு ஜூலையில்தான் ஸ்பாட்டிஃபை உக்ரைனில் கால் வைத்தது. கோழிப் பாட்டு அதில் நன்றாகவே ஓடியது.

இதே நேரத்தில் நான் செய்த இன்னொரு தவறு, அவன் பெயரின் எழுத்துக்கூட்டல். அவன் மேடைப் பெயரில் ஓர் எழுத்து உண்டு. ரஷ்ய மொழியில் அது 'க' போல ஒலிக்கும், உக்ரேனியத்தில் 'ஹ' போல. முதல் பாட்டுகளை ரஷ்ய ஒலிப்படி ரோமன் எழுத்தில் பதிந்திருந்தேன், புதியவற்றை உக்ரேனிய ஒலிப்படி பதிந்தேன். விளைவு, எல்லாக் கடைகளிலும் அவன் இரண்டு பேராகிவிட்டான். ஒருவனுக்கு இருபது பாட்டு, இன்னொருவனுக்கு ஐந்து. இணைக்க ஏழு வாரம் ஆயிற்று. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் நாளே முடிவு செய்துவிட்டால் இந்த வேலையே இல்லை. தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் பொருந்தும், ழகரம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2021இல் 'உங்கள் பாட்டை ஐம்பதாயிரம் பேர் கேட்க வைக்கிறோம்' என்றவனிடம் 200 டாலர் கொடுத்து ஏமாந்ததும் உண்டு. ஒரே இரவில் ஒரே ஊரிலிருந்து ஆயிரக்கணக்கான கேட்புகள் விழுந்தன, எல்லாம் இயந்திரம். அந்தப் பாட்டைக் கடைகள் நீக்கிவிட்டன. இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2022 பிப்ரவரி 24, ரஷ்யா தாக்கத் தொடங்கிய நாள். நான் ஆறாம் ஆண்டு, படிப்பு முடிய நாலு மாதம். ஆறு நாள் விடுதியின் அடித்தளத்தில் இருந்தோம். அவனும் தியோத்யாவும் சால்திவ்கா மெட்ரோ பாதையின் கடைசி நிலையமான, அப்போது ஹீரோயிவ் பிராத்சி என்று பெயர் கொண்ட நிலையத்தின் நடைமேடையில் படுத்திருந்தார்கள். கார்கிவ் மெட்ரோவில் அன்று ரயில் நின்றது, மீண்டும் ஓடியது மே 24 அன்றுதான். அதுவரை நிலையங்களே ஊர். மார்ச் 2 அன்று இந்தியத் தூதரகம், கார்கிவிலிருக்கும் இந்தியர்கள் மாலை ஆறு மணிக்குள் பிசோச்சின், பபாய், பெஸ்லியுதிவ்கா ஆகிய இடங்களுக்கு, வாகனம் இல்லையென்றால் நடந்தாவது போய்ச் சேருங்கள் என்று அறிவித்தது. நாங்கள் பிசோச்சினுக்கு நடந்தோம், பதினொரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பையில் சான்றிதழ்கள், பிஸ்கட், ஒரு போர்வை. பாதி வழியில் நினைவு வந்தது. என் உக்ரேனிய எண் இருந்த பழைய கைபேசியை அடித்தளத்தில் சார்ஜ் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன். அந்த நிலையில் யார் திரும்பிப் போவார்கள்? ஒரு கைபேசிதானே என்று நடந்தேன்.

அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி. விநியோகக் கணக்கில் உள்ளே நுழைய அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். அது கடையில் வாங்கிய ப்ரீபெய்ட் எண், ஒப்பந்தம் இல்லை, என் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அதனால் நகல் சிம் வாங்கவும் வழியில்லை. கணக்குத் தொடங்கியபோது 'அவசரக் குறியீடுகளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்' என்று பத்து எண்களைக் காட்டியது. நான் திரையை மூடிவிட்டேன். இதைப் படிப்பவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும், இன்று இரவு அந்தக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி அரிசிப் பானைக்குள்ளாவது வையுங்கள்.

தஞ்சாவூருக்கு நான் வந்து சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். நிலையத்தின் நடைமேடையில் அவன் புதிதாக ஒரு பாட்டுப் பாடினான், அருகில் யாரோ குழந்தையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் கைபேசியில் எடுத்துப் போட்டுவிட்டார். அது பரவிய வேகம்! எனக்கு இங்கே வாட்ஸாப்பில், அவனை யாரென்றே தெரியாத கல்லூரி நண்பர் ஒருவர் அனுப்பினார். எல்லாரும் அந்தப் பாட்டைக் கடைகளில் தேடினார்கள். எங்களால் ஏற்ற முடியவில்லை. கணக்கு பூட்டிக் கிடந்தது, சாவி கார்கிவில் ஒரு அடித்தளத்தில். பத்தாம் நாள், முகம் தெரியாத ஒருவர் அந்தக் காணொளியின் ஒலியை உருவித் தன் பெயரில் எல்லாக் கடைகளிலும் ஏற்றிவிட்டார். அதைக் கேட்டவர்கள் எல்லாம் உக்ரைனுக்கு உதவுவதாக நினைத்திருப்பார்கள்.

நான் எழுதிய மின்னஞ்சல்கள் நாற்பத்து மூன்று. கடவுச்சீட்டுப் படம், கையில் தாள் பிடித்த படம், மறுபடியும் கடவுச்சீட்டுப் படம். திருடிய பதிவை நீக்க எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று: முந்தின நாள் இரவு அவன் தன் கைபேசியில் முணுமுணுத்துப் பார்த்த மூன்று பதிவுகள், தேதியும் நேரமும் அழியாமல் இருந்தன. அரைகுறைப் பதிவுகளை இடம் அடைக்கிறது என்று அழிக்காதீர்கள். அதற்கே பதினொரு வாரம். அந்தப் பதினொரு வாரத்தில் அந்த ஆள் சம்பாதித்ததில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. எங்கள் கணக்கு திறந்தது நவம்பரில். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ தேர்வுக்கு நான் படித்த பாடப் புத்தகங்களுக்கு நடுவே இந்தக் கடிதங்கள்தான் இருந்தன. 150 எடுக்க வேண்டிய இடத்தில் 141 எடுத்து அந்தத் தேர்வில் தோற்றேன். அதற்கு இதுதான் காரணம் என்று வீட்டில் சொன்னேன். முழுக்க உண்மை இல்லை, ஆனால் சொன்னேன்.

இதையெல்லாம்விட வலித்தது ஜூலையில் தியோத்யா அழைத்தது. அவர் பொல்தாவாப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்தார். சால்திவ்கா வீட்டின் சன்னல்கள் போய்விட்டன, பலகை அடிக்க வேண்டும். நலம் விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஊரெல்லாம் என் மகன் பாட்டைக் கேட்கிறது என்கிறார்கள். பணம் உன் பெயரில் வருகிறது என்கிறான். வந்ததா, மகனே?" குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. வரவில்லை, பூட்டிக் கிடக்கிறது என்றேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'யை நம்பிச் சொன்னாரா என்று நான் பல இரவு யோசித்தேன். அவர் இடத்தில் என் அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். என்னிடம் காட்ட ஒரு தாள் இல்லை. ஐந்தாண்டுக் கைமாற்றுக்கு ஒரு வரி எழுத்து இல்லை. அவனிடம் சொன்னபோது அவன் அம்மாவிடம் கோபப்பட்டான். அதற்காக நான் அவனிடம் கோபப்பட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.

கணக்கு திறந்தபோது உள்ளே 2,960 டாலர் இருந்தது. அனுப்பப் போனால் அடுத்த மலை. வெளிநாட்டுப் பணத்தை இந்தியாவுக்குள் பெறுவது எளிது. இங்கிருந்து வெளியே அனுப்ப ஏ2 படிவம், பான் எண், எதற்காக அனுப்புகிறீர்கள் என்ற நோக்கக் குறியீடு, பெறுபவர் உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்வி எல்லாம் உண்டு. போர் நடக்கும் நாட்டுக்கு, உறவில்லாத இளைஞனுக்கு, எதற்காக? வங்கி அதிகாரி கேட்டதில் தவறில்லை. "அவன் பணத்தை அவனுக்கே அனுப்புகிறேன்" என்றால், "அவர் பணம் உங்கள் கணக்குக்கு ஏன் வந்தது?" என்றார். ஆடிட்டர் கேட்ட அதே தாள்! கடைசியில் அவனும் நானும் பழைய தேதி எதுவும் போடாமல், அன்றைய தேதியிலேயே, நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டோம். ஐந்து வாரத்தில் பணம் போயிற்று. ஒரு வேடிக்கை: ஜூலை 21 அன்று உக்ரைன் மத்திய வங்கி டாலருக்கு 29.25 என்றிருந்த மதிப்பை 36.57 ஹ்ரிவ்னியாவாக மாற்றியிருந்தது. தாமதத்தால் கிடைத்த ஒரே லாபம் அது. தியோத்யா அதில் சன்னல் போட்டார்.

அதே மாதம் எல்லாப் பாட்டுகளையும் அவன் பெயரில் தொடங்கிய புதுக் கணக்குக்கு மாற்றினோம். இதைச் செய்யும்போது வரிசை முக்கியம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று ஓர் அடையாள எண் உண்டு. அதே எண்ணைப் போட்டு, அதே கோப்பைப் புதுக் கணக்கில் முதலில் ஏற்றி, இரண்டும் கடையில் தெரிவதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். அப்போதுதான் கேட்பு எண்ணிக்கை கூடவே வரும். நான் இரண்டு பாட்டுகளுக்கு எண்ணைக் குறிக்காமல் நீக்கிவிட்டேன். அதில் ஒன்று கோழிப் பாட்டு. அது பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஓடியது. அவன் இப்போது அரசின் தீயா செயலியிலேயே ஃபோப் எனப்படும் தனிநபர் தொழில்முனைவோராகப் பதிந்துகொண்டு, வருமானத்துக்குத் தானே வரி கட்டுகிறான். பேபாலும் அவன் பெயரிலேயே. நானில்லாமல் எல்லாம் நன்றாக நடக்கிறது. அது எனக்கு மகிழ்ச்சியா என்று கேட்டால், முதல் கொஞ்ச நாள் இல்லை.

சித்தி மகனுக்குச் சொன்னது இதுதான். உன் அம்மா பெயரில் தொடங்கு, காப்பாளர் என்று எழுது, பதினெட்டு ஆன அன்றே உன் பெயருக்கு மாற்று. மின்னஞ்சல் பாட்டுக்கென்று தனியாக இருக்கட்டும், கடவுச்சொல் இருவருக்குத் தெரியட்டும். பாட்டில் நண்பன் வாசித்தால் அன்று மாலையே யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுது, காசு வரும் முன்னால். காசு வந்த பிறகு அந்தத் தாளை எழுத நட்பு போதாது. அவன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான் என்று சித்தி சொன்னார்.

2023இல் அவன் உக்ரேனியத்தில் ஒரு முழுத் தொகுப்பு வெளியிட்டான். கார்கிவில் கச்சேரிகள் தரைக்கு அடியில்தான் நடக்கின்றன, ஊரடங்கு நேரத்துக்கு முன் முடிந்துவிடும். டிக்கெட் காசில் பாதி படைக்கு ட்ரோன் வாங்கப் போகும். வெளிநாட்டிலிருந்து அழைப்புகள் வந்தன. அப்போது 18 முதல் 60 வயது வரை ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறக் கட்டுப்பாடு இருந்ததால், கலைஞர்கள் கலாச்சார அமைச்சகத்தின் கடிதத்தோடுதான் எல்லை தாண்ட முடிந்தது. அவன் ஒருமுறை மட்டும் போனான், ஒன்பது நாளில் திரும்பினான். 2024 ஏப்ரலில் படைக்கு அழைக்கும் வயதை 27இலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயதுக்காரர்கள் வெளியே போகலாம் என்றார்கள். அவனுக்கு 2025 வசந்தத்தில் 25 முடிந்திருந்தது. இரண்டு அறிவிப்புக்கும் அவன் எனக்கு அனுப்பியது ஒரே பொம்மை முகம்.

போன வாரம் என் கைபேசியில் பேபால் அறிவிப்பு ஒன்று வந்தது. 2018இல் தொடங்கி நாங்கள் இருவரும் மறந்தே போன பேண்ட்கேம்ப் பக்கம் ஒன்று என் பெயரோடு இன்னும் இருந்திருக்கிறது. கனடாவில் யாரோ அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கும் முதல் தொகுப்பை வாங்கியிருக்கிறார், 12 டாலர். அவனுக்கு எழுதினேன்: அனுப்ப வேண்டுமானால் மறுபடி ஏ2 படிவம், வங்கிக் கட்டணம் பன்னிரண்டு டாலருக்கு மேல் ஆகும், என்ன செய்யட்டும்? இரவு வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது, அங்கே எச்சரிக்கைச் சங்கு ஊதிக்கொண்டிருந்ததாம். "வைத்துக்கொள் டாக்டர். நான் தஞ்சாவூர் வரும்போது செலவழிப்போம். ஆனால் இந்த முறை ஒரு தாளில் எழுதி வை."